பிரசார் பாரதி சட்டத்தை எந்த வழியில் திருத்துவது?

பிரசார் பாரதியின் தலைவர் பதவி 2020 பிப்ரவரியில் காலியானது. அடுத்த தலைவர் வந்தது 2024 மார்ச்சில். நடுவில் நான்கு ஆண்டுகள், அகில இந்திய வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்துகிற நிறுவனம் முறையான தலைவர் இல்லாமலே ஓடியது. யாரும் சட்டத்தை மீறிவிடவில்லை. தலைவரை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்லும் 4-ஆம் பிரிவில் காலக்கெடு என்று ஒன்று கிடையாது. தேர்வுக் குழுவிலேயே இடம் காலியாக இருந்தாலும் நியமனம் செல்லும் என்றுகூட அதே பிரிவு சொல்கிறது.

இந்தச் சட்டம் 1990-ல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 1997-ல். அதைத் திருத்த வேண்டும் என்று அமைக்கப்பட்ட குழுக்களுக்குக் குறைவில்லை. சாம் பிட்ரோடா தலைமையிலான குழு 2014 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அதற்கும் முன்னால், சட்டமே இல்லாத காலத்தில், 1966-ல் சந்தா குழு, 1978-ல் வர்கீஸ் குழு. எல்லோரும் ஒரே நோயைத்தான் சொன்னார்கள்: பெயருக்குத் தன்னாட்சி, பிடி அமைச்சகத்திடம். மருந்தில்தான் வேறுபாடு. உலகில் இதற்கென்று முயன்று பார்த்த வழிகள் சில இருக்கின்றன. அவற்றில் நமக்கு எது பொருந்தும் என்று பார்க்கலாம்.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட வேண்டும். யூடியூப் காலத்தில் தூர்தர்ஷனை யார் பார்க்கிறார்கள், எதற்கு இவ்வளவு கவலை? காரணம் இருக்கிறது. தனியார் எஃப்எம் நிலையங்கள் இந்தியாவில் சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது. வேண்டுமானால் அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம். அதாவது, வானொலியில் நாம் கேட்கும் செய்தி முழுக்க ஒரே வாயிலிருந்து வருகிறது. அப்புறம், மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் கோடிக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. புயல் சின்னம் உருவானால் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று கடற்கரைக் கிராமம் காதைக் கொடுப்பது வானொலிக்குத்தான். இவ்வளவு பேரைச் சென்றடையும் ஒரு நிறுவனம் யார் சொல்படி நடக்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

பிடி எங்கே இருக்கிறது?

சட்டத்தை எடுத்து வாசித்தால் ஆச்சரியமாக இருக்கும். பல இடங்களில் அது நல்ல சட்டம். 23-ஆம் பிரிவைப் பாருங்கள். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக இதை ஒளிபரப்பு, இதை ஒளிபரப்பாதே என்று மத்திய அரசு உத்தரவிடலாம். ஆனால் அந்த உத்தரவின் நகலை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்க வேண்டும். அரசு சொல்லித்தான் இதை ஒளிபரப்புகிறோம் என்று நிறுவனம் விரும்பினால் நேயர்களுக்கு அறிவித்துக்கொள்ளலாம். இதைவிட வெளிப்படையாக என்ன வேண்டும்? ஆனால் எழுத்தில் கொடுத்தால்தான் அவையில் வைக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னால் வைக்க வேண்டியதில்லை. தொலைபேசியில் சொன்னாலே காரியம் நடக்கும்போது 23-ஆம் பிரிவை யார் தொடப்போகிறார்கள்?

தொலைபேசியில் சொன்னால் நடப்பதற்குக் காரணம் மற்ற பிரிவுகளில் இருக்கிறது. 4-ஆம் பிரிவின்படி தலைவரையும் பெரும்பாலான உறுப்பினர்களையும் பரிந்துரைப்பது மூன்று பேர்: மாநிலங்களவைத் தலைவரான குடியரசுத் துணைத் தலைவர், பத்திரிகைக் கவுன்சில் தலைவர், குடியரசுத் தலைவரின் பிரதிநிதி ஒருவர். எதிர்க்கட்சிக்கு இதில் இடமில்லை. குடியரசுத் தலைவரின் பிரதிநிதி என்றால் நடைமுறையில் அரசு சொல்லும் ஆள் என்றுதான் பொருள்.

17-ஆம் பிரிவு பணத்தைப் பற்றியது. நாடாளுமன்றம் ஒதுக்கிய பிறகு மத்திய அரசு ஒவ்வோர் ஆண்டும் நிறுவனத்துக்குப் பணம் கொடுக்க'லாம்'. எவ்வளவு என்றால், அந்த அரசு தேவை என்று கருதும் தொகை. 2018-ல் ஊழியர் சம்பளத்துக்கான நிதியை அமைச்சகம் நிறுத்திவைத்திருக்கிறது என்று அப்போதைய தலைவரே வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அமைச்சகம் மறுத்தது. உண்மை எதுவாகவும் இருக்கட்டும், அப்படி நிறுத்திவைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. 32, 33-ஆம் பிரிவுகள் இன்னும் ஒரு படி கீழே போகின்றன. ஊழியர் விதிகள் அரசின் கையில். நிறுவனம் தன் ஒழுங்குமுறைகளை வகுக்க அரசின் முன் அனுமதி வேண்டும். போதாக்குறைக்கு, 2007 அக்டோபர் 5 வரை பணியில் சேர்ந்த எல்லோரும் ஓய்வு பெறும்வரை மத்திய அரசு ஊழியர்களாகவே கருதப்படுவார்கள் என்று 2011-ல் ஒரு திருத்தம் வந்தது. அந்த ஊழியர்களின் ஓய்வூதியப் பாதுகாப்புக்கு அது தேவைப்பட்டது, குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு தலைமுறை முழுக்க அரசை எசமானாகப் பார்த்தே பணி செய்தது.

இது ஒரு கட்சியின் கதை அல்ல. 2014 தேர்தல் நேரத்தில் அப்போது எதிர்க்கட்சி வேட்பாளராக இருந்த நரேந்திர மோடியின் பேட்டியைத் தூர்தர்ஷன் வெட்டி ஒளிபரப்பியது. தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஜவ்ஹர் சர்கார் அதை ஒப்புக்கொண்டு, அமைச்சகம் நிறுவனத்துக்குச் சுதந்திரம் தரவில்லை என்று எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில், ஆட்சி மாறிய பிறகு, ஆர்எஸ்எஸ் தலைவரின் விஜயதசமி உரை தூர்தர்ஷனில் நேரலையாக வந்தது. 2017 சுதந்திர தினத்துக்குத் திரிபுரா முதல்வர் மாணிக் சர்க்கார் பதிவு செய்து கொடுத்த உரையை, மாற்றி எழுதினால்தான் ஒளிபரப்புவோம் என்று திருப்பிவிட்டார்கள். ஒரு மாநில முதல்வருக்கே இந்தக் கதி.

வழி ஒன்று: இருக்கும் சட்டத்தையே நடைமுறைப்படுத்துவது

13-ஆம் பிரிவு 22 எம்.பி.க்கள் கொண்ட ஒரு கண்காணிப்புக் குழுவை அமைக்கச் சொல்கிறது. மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7. விகிதாசார முறையில் தேர்தல் நடத்தி எடுக்க வேண்டும் என்பதால் எதிர்க்கட்சிகள் கட்டாயம் உள்ளே வரும். 14, 15-ஆம் பிரிவுகள் ஒலிபரப்பு மன்றம் ஒன்றைச் சொல்கின்றன. நிகழ்ச்சி சட்டத்தின் நோக்கங்களுக்கு மாறாக இருக்கிறது என்றோ, தன்னை அநியாயமாக நடத்திவிட்டார்கள் என்றோ யார் வேண்டுமானாலும் அங்கே முறையிடலாம். மாணிக் சர்க்கார் முறையிட்டிருக்கக்கூடிய இடம் அது. அப்படி ஓர் இடமே அன்று இல்லை. சட்டம் நடைமுறைக்கு வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் இந்த இரண்டு அமைப்புகளும் பிறக்கவே இல்லை.

இந்த வழியின் பெரிய லாபம், புதிதாக எந்த மசோதாவும் தேவையில்லை. வேகமானது, செலவில்லாதது. குறை என்னவென்றால், மன்றத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் கடைசியில் மத்திய அரசுதான். பணத்தை இது தொடவே இல்லை. ஆரம்பத்துக்கு நல்லது, இதோடு நிறுத்திக்கொண்டால் போதாது.

வழி இரண்டு: லைசென்ஸ் கட்டணம்

பிபிசி என்றதும் எல்லோரும் சொல்வது இதைத்தான். அரசிடம் கையேந்தாமல் நேயர்களே நேராகப் பணம் கட்டட்டும் என்பது கொள்கை. நமக்கு இது புதிதுமில்லை. வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் தபால் நிலையத்துக்குப் போய் ஆண்டுக் கட்டணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1980-களின் நடுவில் அது கைவிடப்பட்டது. ஆனால் 17-ஆம் பிரிவில், லைசென்ஸ் கட்டண வருமானம் 'இருந்தால்' அதை நிறுவனத்துக்குத் தரலாம் என்ற வரி இன்னமும் கிடக்கிறது.

எனக்கு இந்த வழியில் நம்பிக்கை இல்லை. பிரிட்டனில் ஒரு வீட்டுக்கு ஆண்டுக் கட்டணம் 2025 ஏப்ரலில் 174.50 பவுண்டு ஆனது. அந்தத் தொகையை நிர்ணயிப்பது யார்? அரசுதான். 2022-லிருந்து இரண்டு ஆண்டுகள் கட்டணத்தை 159 பவுண்டிலேயே நிறுத்திவைத்ததும் அரசுதான். வாரியத் தலைவரை நியமிப்பதிலும் அரசின் கை இருக்கிறது. பிரதமர் போரிஸ் ஜான்சனுக்குக் கடன் கிடைக்க உதவிய விவகாரத்தை முறையாகத் தெரிவிக்காததால் 2023-ல் ரிச்சர்ட் ஷார்ப் தலைவர் பதவியிலிருந்து விலக நேர்ந்தது. பிபிசியின் அரச சாசனம் 2027 முடிவில் காலாவதியாகிறது. அதற்குள் எப்படிப் பணம் திரட்டுவது என்று அவர்களே தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். பிரான்ஸ் 2022-ல் இந்தக் கட்டணத்தை ஒழித்தது. ஸ்வீடன் 2019-ல் தனி வரியாக மாற்றிவிட்டது.

நம் ஊரில் இதைக் கொண்டுவந்தால் முதல் அடி விழுவது ஃப்ரீ டிஷ் வைத்திருக்கும் ஏழை வீட்டின் மேல். மாதக் கட்டணம் கட்ட முடியாதவர்கள்தானே அதை வாங்கினார்கள்? வசூலிக்கும் செலவும், கட்டாதவர் மேல் போடும் வழக்கும் வேறு. வேண்டாம்.

வழி மூன்று: அரசுப் பணம், தனிக் கழகம்

அமெரிக்கா 1967-ல் சட்டம் போட்டு ஒரு தனிக் கழகத்தை உருவாக்கியது. அரசு பட்ஜெட்டிலிருந்து பணம் அதற்குப் போகும். கழகம் அதை நாடெங்கும் உள்ள பொது வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். ஆளும் கட்சி நெருக்கடி கொடுக்காமல் இருக்க இரண்டு ஆண்டுகளுக்கான தொகையை முன்கூட்டியே ஒதுக்கும் வழக்கமும் இருந்தது. 2025 ஜூலையில் அப்படி ஒதுக்கி வைத்திருந்த 110 கோடி டாலரையும் அமெரிக்க நாடாளுமன்றம் திரும்ப எடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே கழகம் மூடுவிழா அறிவித்தது. கிரேக்கத்தில் இன்னும் மோசம்: 2013 ஜூன் 11 அன்று அரசு ஓர் ஆணையில் பொது ஒளிபரப்பு நிறுவனத்தையே இழுத்து மூடியது. இரவோடு இரவாகத் திரை கறுத்துப்போனது. திரும்பத் திறக்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

நம் நிலைமை இந்த வழிக்கு மிக அருகில் இருக்கிறது. ஆண்டுதோறும் மானியம், ஆண்டுதோறும் காத்திருப்பு. முன்கூட்டியே ஒதுக்குவது நல்ல ஏற்பாடுதான், ஆனால் கொடுத்தவர் திரும்பக் கேட்கலாம் என்றால் அது எவ்வளவு தூரம் தாங்கும்?

'அரசுப் பணமே வேண்டாம், விளம்பரத்தில் சம்பாதிக்கட்டும்' என்ற யோசனையை இங்கேயே முடித்துவிடலாம். விளம்பரத்துக்காக ஓடுகிற சேனல்கள் நம்மிடம் ஏராளம். பழங்குடி மொழியில் நிகழ்ச்சியும், உழவருக்கான தகவலும் விளம்பரதாரர் தேடி வரும் சரக்கல்ல.

வழி நான்கு: ஜெர்மனி போல

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நாஜிகளின் கையில் வானொலி என்ன ஆனது என்று பார்த்த நாடு அது. மத்திய அரசு சொந்தமாக ஒரு தொலைக்காட்சியை ஆரம்பிக்கப் பிரதமர் அடனாவர் முயன்றபோது, 1961-ல் அரசியல் சாசன நீதிமன்றம் தடுத்தது: ஒளிபரப்பு மாநிலங்களின் விஷயம், எந்த அரசும் அதைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது.

அதோடு பிரச்சினை முடியவில்லை. 2009-ல் இசட்டிஎஃப் தொலைக்காட்சியின் தலைமை ஆசிரியர் நிகோலாஸ் பிரெண்டரின் பதவி நீட்டிப்பை, நிர்வாகக் குழுவில் இருந்த அரசியல்வாதிகள் தடுத்தார்கள். வழக்கு நீதிமன்றம் போனது. 2014-ல் தீர்ப்பு வந்தது: மேற்பார்வைக் குழுக்களில் அரசையும் கட்சிகளையும் சார்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மீதி இடங்கள் தொழிற்சங்கம், சமயம், கலை, விளையாட்டு, மகளிர் என்று சமூகத்தின் பல தரப்புக்கும் போகின்றன. அரசியல்வாதியே கூடாது என்று சொல்லவில்லை. ஆதிக்கம் கூடாது என்று எண்ணிக்கையில் சொன்னார்கள். சட்டத்தில் எண்ணாக எழுதினால்தான் நாளைக்கு வாதாட முடியும்.

பணமும் இப்படித்தான். 16 மாநிலங்களும் ஆளுக்கு ஒரு நிபுணரை அனுப்பி ஒரு தனி ஆணையம் அமைக்கின்றன. பொது ஒளிபரப்பு நிறுவனங்கள் தங்கள் தேவையைச் சொல்லும். ஆணையம் கணக்குப் பார்த்து, ஒவ்வொரு வீடும் மாதம் இவ்வளவு கட்டணம் கட்ட வேண்டும் என்று பரிந்துரைக்கும். 2020-ல் சாக்சனி-அன்ஹால்ட் என்ற ஒரு மாநிலம் மட்டும் உயர்வுக்கு முட்டுக்கட்டை போட்டது. 2021-ல் நீதிமன்றமே மாதம் 18.36 யூரோ என்று அமல்படுத்தியது. குறையே இல்லையா என்றால், உண்டு. 2025-லிருந்து 18.94 யூரோவாக்கச் சொன்ன ஆணையத்தின் பரிந்துரையை மாநிலங்கள் நிறைவேற்றவில்லை; நிறுவனங்கள் மறுபடி நீதிமன்றப் படியேறின. எந்த ஏற்பாட்டுக்கும் பின்னால் ஒரு வலுவான நீதிமன்றம் நிற்க வேண்டியிருக்கிறது.

நம்மிடமும் அப்படி ஒரு தீர்ப்பு உண்டு. 1995 பிப்ரவரியில், வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில், அலைவரிசைகள் பொதுச் சொத்து, அவற்றைக் கட்டுப்படுத்துவது சுதந்திரமான பொது அமைப்பாக இருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். இரண்டு ஆண்டு கழித்து இலங்கையில் அரசு கொண்டுவந்த ஒலிபரப்பு அதிகாரசபை மசோதாவை, அந்தச் சபை அரசின் பிடியிலிருந்து விலகி நிற்கவில்லை என்று கொழும்பு உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன?

நிறைய. 2020 இறுதியில், தினமும் காலை கால் மணி நேரம் சமஸ்கிருதச் செய்தி அறிக்கையை ஒளிபரப்ப வேண்டும் என்று பொதிகை உட்பட மாநில மொழிச் சேனல்களுக்கு உத்தரவு வந்தது. 2023 மே மாதம், ஆங்கில ஒலிபரப்பிலும் இனி 'ஆகாசவாணி' என்றே சொல்ல வேண்டும் என்றார்கள். 2024 அக்டோபரில் சென்னைத் தூர்தர்ஷனில் நடந்த இந்தி மாத விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்தின் 'திராவிடநல் திருநாடும்' வரி விடுபட்டது. நிலையம் மன்னிப்புக் கேட்டது. இந்த ஒவ்வொன்றிலும் நம் எதிர்ப்பு எங்கே போனது? டெல்லி அமைச்சருக்குக் கடிதமாக, அறிக்கையாக, மதுரைக் கிளையில் வழக்காகப் போனது. அந்த வழக்கில் கிடைத்த பதில், பிடிக்காவிட்டால் வேறு சேனலுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது. தமிழ் நேயரின் குறையைக் கேட்டு முடிவெடுக்கும் அதிகாரத்தோடு சென்னையில் ஓர் அமைப்பு இல்லை.

ஒலிபரப்பு, அரசியல் சாசனத்தின் மத்தியப் பட்டியலில் 31-ஆவது இனம். அதனால் ஜெர்மனி போல மாநிலங்களிடமே விட்டுவிடுவது நடக்காது. 2022 அக்டோபரில் மத்திய அரசு இன்னும் இறுக்கியது: மாநில அரசுகள் நேரடியாகச் சேனல் நடத்தக் கூடாது, 2023 முடிவுக்குள் எல்லாவற்றையும் பிரசார் பாரதி வழியாகவே செய்ய வேண்டும் என்று அறிவுரை அனுப்பியது. நம் கல்வித் தொலைக்காட்சி பற்றியும் அப்போது கவலை எழுந்தது. எல்லாம் பிரசார் பாரதி வழியாகத்தான் என்றால், அந்த நிறுவனத்தில் மாநிலங்களுக்கு ஏன் இடமில்லை என்று கேட்பது நியாயம்தானே?

அதே சமயம், மாநில அரசிடம் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. கட்சிக்கொரு சேனல் இருக்கும் ஊர் இது. டெல்லிக்குப் பதில் கோட்டையிலிருந்து தொலைபேசி வரும், அவ்வளவுதான் வித்தியாசம். மாநிலத்துக்கு ஒரு நேயர் மன்றம் வேண்டும். அதிலும் அரசியல் சார்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது.

என் தேர்வு

புதுச் சட்டம் எழுத வேண்டாம். புது மசோதா என்று ஆரம்பித்தால், 1979-ல் தன்னாட்சியை நீர்க்கச் செய்து வந்த மசோதாவைப் போல, இருக்கும் நல்ல வரிகளும் போய்விடும் அபாயம் உண்டு. 1990 சட்டத்தை வைத்துக்கொண்டு, ஜெர்மனியிடமிருந்து இரண்டு விஷயங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது 4-ஆம் பிரிவு. தேர்வுக் குழுவில் மக்களவை எதிர்க்கட்சித் தலைவரும் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரும் வர வேண்டும். காலியிடத்தை 90 நாளுக்குள் நிரப்பாவிட்டால், குழுவின் பட்டியலில் முதலில் இருப்பவர் தானாகப் பொறுப்பேற்பார் என்று எழுத வேண்டும். பதவிக் காலமும் வயது வரம்பும் நடுவில் மாற்ற முடியாதபடி இருக்க வேண்டும். முதல் தலைமைச் செயல் அதிகாரி எஸ்.எஸ். கில் 1998-ல் பதவி இழந்தது வயது வரம்பைத் திரும்பக் கொண்டுவந்த ஓர் அவசரச் சட்டத்தால்தான்.

இரண்டாவது 17-ஆம் பிரிவு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மத்திய, மாநில வரிப் பகிர்வைச் சொல்ல நிதி ஆணையம் இருக்கிறது. அதே பாணியில் ஒரு சிறிய ஆணையம் பிரசார் பாரதிக்கான ஐந்தாண்டுத் தொகையைக் கணக்கிடட்டும். 'கொடுக்கலாம்' என்ற சொல் 'கொடுக்க வேண்டும்' என்று மாறட்டும். குறைத்துக் கொடுத்தால் அரசு காரணத்தை எழுத்தில் அவையில் வைக்க வேண்டும். மக்களிடம் தனிக் கட்டணம் வேண்டாம். வரிப் பணமே போதும்.

இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எது? முதலாவது என்பேன். பணம் முதலில் உறுதியாகி, நிர்வாகம் ஆளுங்கட்சியின் கையிலேயே இருந்தால், பிரச்சாரத்துக்குத் தடையில்லாத நிதி கிடைத்துவிடும். போலந்தில் 2015-க்குப் பிறகு ஆளுங்கட்சி பொதுத் தொலைக்காட்சியின் நியமனங்களைக் கைப்பற்றியபோது அதற்கு அரசின் பணம் தடைபடவில்லை. மாறாக, சுதந்திரமான வாரியம் இருந்தால் பணம் வராத மாதத்தில் குரலாவது எழும்.

32, 33-ஆம் பிரிவுகளில் முன் அனுமதியை நீக்குவது பிட்ரோடா குழு ஏற்கெனவே சொன்னதுதான், அதில் விவாதத்துக்கு ஒன்றுமில்லை. 23-ஆம் பிரிவில் ஒரு வரி சேர்க்கலாம்: எழுத்தில் வராத உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுத்த ஊழியர் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது. செய்தி அறையில் இருப்பவருக்கு மற்ற எல்லாத் திருத்தங்களையும்விட இது கைக்கு உதவும்.

இதெல்லாம் நிறைவேற ஆண்டுகள் ஆகலாம். 13-ஆம் பிரிவின் 22 பேர் குழுவுக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை. அதை அமைக்கும் கடமை இன்றைக்கே சட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 எம்.பி.க்கள், மாநிலங்களவையில் 18 பேர். ஏன் இன்னும் அமைக்கவில்லை, எந்தத் தேதியில் அமைப்பீர்கள் என்று அடுத்த கூட்டத்தொடரின் கேள்வி நேரத்தில் அவர்களில் ஒருவர் கேட்டால், அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும்.